மறு: தேவை தீர்ந்த மருந்துகளைக் குறைப்பதற்கு ஒரு கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

டீபிரிஸ்கிரைபிங் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று ஐயா தொடங்கிய இழையில் இதுவரை வந்த மடல்களை எல்லாம் படித்தேன். நல்ல சொற்கள் பல வந்திருக்கின்றன. பொது மருத்துவம் கற்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் அக்கறை அதிகம். ஏனென்றால் இந்தச் சொல் பாடப் புத்தகத்தோடு நின்றுவிடாது. மாத்திரை சாப்பிடுகிற முதியவர்கள் கையில் கொடுக்கும் துண்டறிக்கையிலும் அதுதான் இருக்கும். அங்கே தவறாகப் புரிந்துகொண்டால் ஆபத்து.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். மெல்பர்னைச் சேர்ந்த முதியோர் மருத்துவர் மைக்கேல் உட்வர்ட் 2003-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த ஆங்கிலச் சொல் புழக்கத்துக்கு வந்தது. ஆளுக்கொரு பொருளில் அதைப் பயன்படுத்தி வந்ததால், 2015-இல் எமிலி ரீவும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த விளக்கங்களைத் திரட்டி ஒரு வரையறை தந்தார்கள். இப்போதைக்குப் பொருந்தாத மருந்து ஒன்றை, மருத்துவப் பணியாளர் ஒருவரின் மேற்பார்வையில் விலக்கிக்கொள்வது. பல மருந்துகள் சேர்ந்துபோன நிலையைச் சரிசெய்து நோயாளியின் நலத்தைக் கூட்டுவது அதன் நோக்கம். இதுதான் சாரம். மேற்பார்வை என்பது வரையறைக்குள்ளேயே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் நோயாளி தானாக மருந்தை விட்டுவிடுவதும் இதுவும் ஒன்றாகிவிடும்.

இனி வந்த சொற்கள்.

> ‘மருந்து நிறுத்தம்’ என்றால் எல்லோருக்கும் புரியுமே, வேறெதற்குத் தேட வேண்டும்?

புரியும் என்பதுதான் என் பயமே. பிரஷர் மாத்திரையை, சர்க்கரை மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வருகிறவர்களை ஒவ்வொரு மருத்துவமனையும் பார்க்கிறது. ‘மருந்து நிறுத்தம் நல்லது’ என்று அரசு சுவரொட்டியில் ஒரு வரி இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தவே கூடாது. நெடுநாள் தூக்க மாத்திரை சாப்பிட்டவர் ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரலாம். நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரேயடியாக விட்டால் அட்ரினல் சுரப்பி கைவிட்டு ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி கிளம்பலாம். குறைத்துக் குறைத்துத்தான் போக வேண்டும். நிறுத்தம் என்ற சொல்லில் இந்த நிதானத்துக்கு இடமே இல்லை.

> மருந்துவிலக்கு, மருந்தொழிப்பு, மருந்தகற்றல்: இவற்றில் ஒன்று?

மருந்துவிலக்கு என்றதும் மதுவிலக்குதான் காதில் விழுகிறது, மருந்துக்கே தடை போட்டதுபோல. ஒழிப்பு கொசுவுக்கும் போலியோவுக்கும் சரி. மருந்தகற்றல் இலக்கணப்படி குறையில்லாத சொல்தான். ஆனால் வாசிக்கிற கண் ‘மருந்தகம்’ என்று பிரித்துத் தடுமாறும்.

> ‘பரிந்துரை நீக்கம்’ ஆங்கிலத்துக்கு நேர் நேராக இருக்கிறது.

நேராக இருப்பதாலேயே ஒட்டவில்லை. செய்தித்தாள் படிக்கிறவருக்கு இது யாரையோ பதவி நீக்கம் செய்யப் பரிந்துரைத்ததுபோல் ஒலிக்கும். ஆங்கிலத்தில் முன்னொட்டைச் சேர்த்தால் எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது. தமிழில் உப்புநீக்கம் மாதிரி பின்னால் ஒரு வினைப்பெயர் வந்தால்தான் பொருள் நிற்கும். அப்படிப் பார்த்தால் ‘மருந்து நீக்கம்’ பரவாயில்லை. ஆனால் அளவைக் குறைப்பது அதில் அடங்காது.

> நான் முன்மொழிவது: மருந்துக் களைவு. வேண்டாததைக் களைகிறோம் அல்லவா?

இந்தச் சொல்லைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓசை அழகானது, மரபில் ஊன்றியது, பலரும் வழிமொழிந்திருக்கிறீர்கள். எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் களைவது என்றால் அங்கே இருந்தது களை என்றாகிறது. முதலிலிருந்தே தவறான மருந்து, யாரோ ஒரு மருத்துவர் தேவையில்லாமல் எழுதினார் என்ற தீர்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அறுபது வயதில் சரியாக இருந்த மருந்து எண்பத்தைந்தில் சரியில்லாமல் போகிறது. சிறுநீரகம் மந்தமாகிறது, எடை குறைகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. மருந்து மாறவில்லை, ஆள் மாறிவிட்டார்.

ஆய்வுகளும் ‘எடுத்துவிட்டால் நல்லது’ என்று ஒரே பக்கமாகப் பேசவில்லை. இங்கிலாந்தில் நடந்து 2020-இல் வெளியான ஆப்டிமைஸ் ஆய்வில், எண்பது வயதைத் தாண்டி, இரண்டோ அதற்கு மேலோ ரத்த அழுத்த மருந்து சாப்பிட்டுவந்த 569 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு மருந்தைக் குறைத்தார்கள். பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மேல் அளவு 150-க்குக் கீழே இருந்தவர்கள் குறைத்த குழுவில் 86.4 விழுக்காடு, குறைக்காத குழுவில் 87.7 விழுக்காடு. பெரிய வேறுபாடு இல்லை. குறைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அப்படியே தொடர முடிந்தது. 2015-இல் அமெரிக்காவில், ஓராண்டுக்குமேல் உயிர் வாழமாட்டார்கள் என்று கணிக்கப்பட்ட 381 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். அறுபது நாளில் இறந்தவர்களின் விகிதத்தில் கணக்கில் எடுக்கும்படியான வேறுபாடு இல்லை. நிறுத்தியவர்களின் வாழ்க்கைத் தரம் சற்று மேம்பட்டிருந்தது.

சரி, இதையெல்லாம் பார்த்தால் களைவுதான் என்று தோன்றும். ஆனால் 2024-இல் பிரான்சிலிருந்து அபிஸ் ஆய்வு வந்தது. மாரடைப்பு வந்து ஆறு மாதமாவது கடந்து, இதயம் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த 3,698 பேர். பாதிப் பேருக்கு பீட்டா பிளாக்கரை நிறுத்தினார்கள். இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம், இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்வது ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டதில் நிறுத்தியவர்களில் 23.8 விழுக்காடு, தொடர்ந்தவர்களில் 21.1 விழுக்காடு. நிறுத்துவது தொடர்வதற்கு இளைத்ததல்ல என்று அவர்களால் நிறுவ முடியவில்லை. வாழ்க்கைத் தரமும் கூடவில்லை. இங்கே ‘களைவு’ என்று எழுதினால் ஆய்வின் முடிவுக்கும் சொல்லுக்கும் சண்டை வரும். கலைச்சொல் முடிவை முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. செய்த செயலைச் சொன்னால் போதும். அது நல்லதா கெட்டதா என்பதை ஆய்வு சொல்லட்டும்.

ஆகவே என் முன்மொழிவு: மருந்து குறைத்தெழுதல். சூழல் தெளிவாக இருக்கும் இடத்தில் வெறுமனே குறைத்தெழுதல்.

இது நான் உட்கார்ந்து செய்த சொல் இல்லை. “டாக்டர் மாத்திரையைக் குறைச்சு எழுதிக் கொடுத்திருக்காரு” என்று புறநோயாளிப் பிரிவுக்கு வெளியே மக்கள் பேசிக்கொள்வதுதான். மருந்து எழுதுவது என்பது தமிழில் ஏற்கெனவே நிலைபெற்ற வழக்கு. யார் எழுதுகிறாரோ அவர்தான் குறைத்தெழுத முடியும். ரீவ் வரையறையில் இருக்கும் மேற்பார்வை இந்த வினைக்குள்ளேயே வந்துவிடுகிறது. நோயாளி மாத்திரையை விட்டுவிடலாம், மறக்கலாம், தூக்கிப் போடலாம். தனக்குத் தானே குறைத்தெழுத முடியாது.

எட்டு மருந்து ஏழானாலும் குறைத்தெழுதியதுதான், பத்து மில்லிகிராம் ஐந்தானாலும் குறைத்தெழுதியதுதான். எனவே நிறுத்துவது, அளவைக் குறைப்பது இரண்டும் அடங்குகின்றன. வினையாகவும் ஓடும்: ‘அம்லோடிபின் (ரத்த அழுத்த மாத்திரை) குறைத்தெழுதப்பட்டது’, ‘குறைத்தெழுதல் வழிகாட்டி’, ‘குறைத்தெழுதிய நான்கு வாரத்தில் மறுபரிசோதனை’. ‘மருந்துக் குறைத்தெழுதல்’ என்று ஒற்று மிகாது. மருந்தைக் குறைத்தெழுதல் என்ற இரண்டாம் வேற்றுமைத் தொகை.

எதிர்வாதம் வரும் என்று எனக்குத் தெரியும். பத்திரத்தில் நிலத்தின் மதிப்பைக் குறைத்தெழுதுவது நம் ஊரில் நன்றாகத் தெரிந்த செயல். அந்த வாடை ஒட்டாதா என்று வழக்கறிஞர் நண்பர் தனிமடலில் கேட்டார். மருந்து என்ற முன்சொல்லோடு வரும்போது அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு கேள்வி அதைவிடக் கனமானது. மருந்தாளுநராக இருக்கும் அம்மா எழுதியிருந்தார்:

> முழு அதிகாரத்தையும் டாக்டரிடம் கொடுத்துவிடுகிற சொல் எதற்கு? நோயாளிக்கும் இதில் பங்கு உண்டு.

முழுக்க உண்மை அம்மா. அதற்கு மிக நல்ல சான்றே உங்கள் துறையிலிருந்துதான் வந்தது. 2014-இல் வெளியான எம்பவர் ஆய்வு கனடாவின் மான்ட்ரியல் வட்டார மருந்தகங்களில் நடந்தது. நெடுநாளாகத் தூக்க மாத்திரை சாப்பிட்டுவந்த 303 முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு சிறு கையேட்டை அனுப்பினார்கள். இந்த மாத்திரையால் என்ன தீங்கு, இதற்கு மாற்று என்ன, வாரக்கணக்கில் எப்படிக் குறைப்பது, மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொண்டு செய்யுங்கள் என்பதுதான் உள்ளடக்கம். ஆறு மாதத்தில் கையேடு பெற்றவர்களில் 27 விழுக்காட்டினர் மாத்திரையை முழுவதும் விட்டிருந்தார்கள். பெறாதவர்களில் 5 விழுக்காட்டினர்தான். பேச்சைத் தொடங்கியவர் நோயாளி. ஆனாலும் தனியாக விடச் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு செய்யச் சொன்னது கையேடு.

குறைத்தெழுதல் இதற்கும் கைகொடுக்கும். “டாக்டர், இதில் எதையாவது குறைத்தெழுத முடியுமா?” என்று ஒரு பாட்டியால் கேட்க முடியும். ‘களைவு செய்ய இயலுமா’ என்று கேட்கமாட்டார். நோயாளியின் வாயில் கேள்வியாக வரக்கூடிய சொல் என்பதை நான் பெரிய தகுதியாக நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இதன் அவசரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மிக நல்ல திட்டம். மாத்திரை வாங்கவே வழியில்லாமல் நோய் முற்றியவர்களுக்கு அது உயிர் காக்கிறது. ஆனால் மாத்திரை ஒழுங்காகத் தொடர்ந்து கிடைக்கும்போது, இன்னும் தேவையா என்று திரும்பிப் பார்க்கும் ஒழுங்கும் கூடவே வர வேண்டும். அதற்கு இணையாகத் தனியார் மருத்துவமனையில் இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு சீட்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தொடத் தயங்குகிறார். அம்லோடிபினால் கணுக்கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. அதனால் பொட்டாசியம் குறைகிறது, அதற்கு ஒரு சிரப். இரவில் நாலு முறை எழுந்து போகிறார், குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிகிறது. முதல் மாத்திரையைப் பார்க்கத் தெரிந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். ஆங்கிலத்தில் ‘பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட்’ எனப்படும் இந்தத் தொடரை முதியோர் மருத்துவ ஆய்வாளர்கள் பவுலா ரோச்சனும் ஜெரி குர்விட்சும் 1990-களிலேயே விளக்கிவிட்டார்கள். அதற்கு ‘மருந்துக்கு மருந்து’ என்று நம் மக்கள் சொல்வதையே எடுத்துக்கொண்டு மருந்துவழி மருந்து என்று வைக்கலாமா என்று தோன்றுகிறது. அருவி, அடுக்கு என்று ஆங்கிலத்தைப் பின்பற்றத் தேவையில்லை.

மாணவர்களுக்கும் இந்தக் குறை உண்டு. ஒரு மருந்தை எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்று கேட்டால் கடகடவென்று சொல்கிறார்கள். எப்போது நிறுத்துவது என்று கேட்டால் அமைதி. அவர்கள் மேல் தவறில்லை. நாங்கள் தேர்வில் அதைக் கேட்பதே அரிது. வார்டில் “இந்தப் படுக்கைக்கு என்ன எழுதுவாய்?” என்று கேட்பதோடு “என்ன குறைத்தெழுதுவாய்?” என்றும் நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். மாணவர்கள் பதில் சொல்லத் தடுமாறுகிறார்களே தவிர, கேள்வியை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

துணைச் சொற்களில் சிலவற்றை இப்போதே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு போகும் முறைக்குப் ‘படியிறக்கம்’ என்று ஐயா சொன்னது மிகப் பொருத்தம். அது குறைத்தெழுதலின் ஒரு வழிமுறை, அதற்கு மாற்றுச்சொல் அல்ல. இடையில் சில நாள் மட்டும் மருந்தை நிறுத்தி மறுபடி தொடங்குவது ‘மருந்து விடுப்பு’. எல்லா மருந்தையும் மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பது ‘மருந்துச் சீராய்வு’. நோயாளி தானாக விடுவது ‘மருந்து கைவிடல்’. இவை நான்கும் குறைத்தெழுதலோடு கலந்துவிடக் கூடாது. இலங்கை நண்பர்களுக்கு மாத்திரை என்பது குளிசை. மருந்து என்று வைத்தால் இரு கரைக்கும் பொதுவாக இருக்கும் என்பதால்தான் மாத்திரையைத் தவிர்த்தேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மருந்தை விட்டதும் பழைய தொல்லை முன்னைவிட வேகமாகத் திரும்புவதற்குச் சொல் வேண்டும். கேஸ் மாத்திரை என்று நாம் சொல்லும் அமிலத் தடுப்பு மருந்தை எந்த வயிற்றுத் தொல்லையும் இல்லாத தன்னார்வலர்களுக்கு எட்டு வாரம் கொடுத்து நிறுத்தினார்கள், டென்மார்க்கில், 2009-இல் வெளியான ஆய்வு. நிறுத்திய பின் வந்த வாரங்களில் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 விழுக்காட்டினருக்கு. நோயே இல்லாதவருக்கு வந்ததால் இதை ‘நோய் மீட்சி’ என்று சொல்ல முடியாது. ‘மீளெழுச்சி’ என்று ஒரு குறிப்பில் எழுதினேன், நிறைவாக இல்லை. எழுச்சி என்றால் நல்லது நடப்பதுபோல் கேட்கிறது. நோயாளியிடம் சொல்லும்போது அந்தத் தொல்லை மருந்தை விட்டதால் வருவது, சில வாரத்தில் அடங்கும் என்பது சொல்லிலேயே தெரிந்தால், பயந்துபோய் மாத்திரையை மறுபடி தொடங்கமாட்டார். யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள். குறைத்தெழுதல் பற்றிய மறுப்புகளையும் சேர்த்து எழுதுங்கள், துண்டறிக்கை அச்சுக்குப் போவதற்கு முன் தெரிந்தால் நல்லது.

அன்புடன்.