பெரிய டர்போ போட்ட காருக்கு ஒரிஜினல் இசியூவையே (இன்ஜின் கம்ப்யூட்டரையே) ரீமேப் செய்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர், முன்புற இன்டர்கூலர், 3 பார் மேப் சென்சார் (இன்டேக் காற்றழுத்தம் அளப்பது) எல்லாம் மாட்டியாகிவிட்டது. இசியூ மட்டும் கம்பெனியில் வந்த அதே மேப்பில்தான் (பெட்ரோல், இக்னிஷன் கணக்கு அட்டவணையில்தான்) ஓடுகிறது.

ஐடிலில் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (இசியூ தானாகச் செய்யும் பெட்ரோல் திருத்தம்) மைனஸில் நிற்கிறது. இசியூ இன்னும் பழைய இன்ஜெக்டர் அளவையே நம்பிக் கணக்குப் போடுவதால் இது எதிர்பார்த்ததுதான். பயம் பூஸ்டில்தான் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போதுதான்). ஃபுல் த்ராட்டிலில் ஓப்பன் லூப்புக்கு (சென்சாரைப் பார்க்காமல் மேப்பை மட்டும் நம்பும் நிலைக்கு) போய்விட்டால் ஆக்ஸிஜன் சென்சார் திருத்தாது. புதிய மேப் சென்சாரை இசியூ தவறாகப் படித்து, கலவை லீனாகி (பெட்ரோல் குறைந்து) நாக் (கட்டுப்பாடற்ற வெடிப்பு) வந்தால் பிஸ்டன் போய்விடும். அதனால் இப்போதைக்கு பூஸ்ட் ஏறாமல் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.

ஸ்டாண்ட்அலோன் இசியூ (ஒரிஜினலுக்குப் பதில் மாட்டும் தனி இசியூ) வேண்டாம் என்பது என் முடிவு. குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட், ஏசி போடும்போது ஐடில், நாக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் கம்பெனிக்காரன் பொறுமையாகச் செய்து வைத்திருக்கிறான், அதை இழக்க மனமில்லை.

இன்ஜெக்டர் டெட் டைமும் (இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம்) மேப் சென்சார் ஸ்கேலிங்கும் (சென்சார் வோல்டேஜை அழுத்தமாக மாற்றும் கணக்கு) மாற்றி, ஒரிஜினல் இசியூவையே ஓபிடி (காரின் டயக்னாஸ்டிக் போர்ட்) வழியாக ஃப்ளாஷ் செய்தவர்கள் சொல்லுங்கள். வைட்பேண்ட் (கலவையைத் துல்லியமாக அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார்) லாக் அனுப்பித் தூரத்திலிருந்தே ட்யூன் செய்தது சரியாக வந்ததா, அல்லது டைனோவில் (பவர் அளக்கும் உருளை மேடையில்) ஏற்றியே ஆக வேண்டுமா? அப்புறம், ஃபுல் பூஸ்டில் ஏர் ஃப்யூயல் விகிதம் (காற்றுக்கும் பெட்ரோலுக்கும் எடை விகிதம்) எவ்வளவு வைத்தீர்கள்? 11.5 பக்கம் வைக்க நினைக்கிறேன். லாக் ஃபைல் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள், பெரிய உதவியாக இருக்கும்.