டிஃபால்ட்டில் போன வழக்கு: 30 நாள் எந்தத் தேதியிலிருந்து?

பழைய குமாஸ்தா:
"சிவில் வழக்கு டிஃபால்ட்டில், அதாவது வாதி ஆஜராகாததால், தள்ளுபடி ஆனால் பயமே வேண்டாம், நமக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போட்டால் திரும்ப எடுத்துவிடுவார்கள்" என்று நேற்று இங்கே மண்வெட்டி என்பவர் அடித்துவிட்டிருக்கிறார். யார் சொன்னது? காலக்கெடுவைச் சொல்லும் லிமிடேஷன் சட்டம் ஆர்ட்டிகிள் 122ல் தள்ளுபடியான தேதியிலிருந்து 30 நாள் என்றுதான் இருக்கிறது. இதை நம்பி யாராவது நிலத்தை விட்டால் இவரா வந்து மீட்டுத் தருவார்?

மண்வெட்டி:
எனக்குத் தெரியாமலே தள்ளுபடி செய்துவிட்டு, எனக்குத் தெரியாமலே நாளும் ஓடுமா? நல்ல நியாயம். கேட்டபோதெல்லாம் வாய்தா வாய்தா என்றே என் வக்கீல் இழுத்தார். தெரிந்த நாள்தான் கணக்கு.

பழைய குமாஸ்தா:
நீங்கள் சொல்வது ஆர்ட்டிகிள் 123. அது எக்ஸ்பார்ட்டி ஆன, அதாவது தான் வராமலே எதிராகத் தீர்ப்பான பிரதிவாதிக்கு, அதுவும் சம்மன் ஒழுங்காகச் சேர்ப்பிக்கப்படாதபோது மட்டும். வாதிக்கு எதற்கய்யா சம்மன்? வழக்கைப் போட்டவரே நீங்கள்தானே.

திண்ணைவாசி:
30 நாள் தாண்டினால், தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் செக்‌ஷன் 5 மனுவையும் சேர்த்துப் போட வேண்டியதுதானே, இதற்கா இந்தச் சண்டை? என். பாலகிருஷ்ணன் வழக்கில் 883 நாள் தாமதத்தையே 1998ல் உச்ச நீதிமன்றம் மன்னித்தது.

மண்வெட்டி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். தெரிந்த நாள்!

பழைய குமாஸ்தா:
எங்கே சொன்னீர்கள்? தாமதத்தை மன்னித்தார்கள் என்றாலே நாள் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது என்றுதானே பொருள்? அதுவும் சும்மா மன்னிக்கவில்லை, 10,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அப்புறம், உங்கள் வழக்கு கூப்பிட்ட அன்று பிரதிவாதி வந்திருந்தாரா? வந்திருந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 8. அதே விஷயத்துக்குப் புது வழக்குப் போட ரூல் 9 விடாது, பழையதைத்தான் எழுப்பியாக வேண்டும். இரண்டு பேருமே வராமல் ரூல் 3ல் போயிருந்தால், காலக்கெடு மிச்சமிருந்தால் புதிதாகவும் போடலாம். இதைக் கேட்காமல் 30 நாள், 30 நாள் என்றால்?

கறுப்பு கோட்டு:
30 நாளை ஆரம்பித்ததே நீங்கள்தான் சார். அது இருக்கட்டும், எதற்கெடுத்தாலும் வக்கீல் தலையில் கட்டுவதை முதலில் நிறுத்துங்கள். பீஸ் பாக்கி வைத்துவிட்டுப் போனை எடுக்காத பார்ட்டியைப் பற்றி ஒருத்தரும் எழுதமாட்டீர்களே?

மண்வெட்டி:
வக்கீல் தப்புக்குப் பார்ட்டியைத் தண்டிக்கக் கூடாது என்று 1981லேயே ரஃபிக் வழக்கில் தீர்ப்பு வந்தாயிற்று.

கறுப்பு கோட்டு:
1993ல் சலில் தத்தா வழக்கும் வந்தாயிற்று. எல்லாவற்றையும் வக்கீல் மேல் போட்டுத் தப்பிக்க முடியாது. இ-கோர்ட்ஸ் ஆப்பில் வழக்கின் சிஎன்ஆர் நம்பரைத் தட்டினால் வாய்தா தேதி தெரியும். வாட்ஸ்அப்பில் மட்டும் நாள் முழுக்க இருக்கத் தெரிகிறதா?

மண்வெட்டி:
பட்டன் போன் வைத்திருக்கிற விவசாயியிடம் ஆப்பைக் காட்டுகிறார். பீஸ் வாங்க மட்டும் போன் பண்ணத் தெரியும்.

பழைய குமாஸ்தா:
பேச்சை மாற்றாதீர்கள். 122ஐப் படித்தீர்களா இல்லையா?

மண்வெட்டி:
நீங்கள் குமாஸ்தாவாக இருந்தபோது எத்தனை கேஸ் கட்டைத் தொலைத்தீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

பழைய குமாஸ்தா:
என் கட்டைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி? போன மாதம் பட்டா விஷயத்திலும் இப்படித்தான் உளறினீர்கள், அதற்கே இன்னும் பதில் வரவில்லை. தள்ளுபடியான தேதி. அவ்வளவுதான்.

மண்வெட்டி:
தெரிந்த தேதி.