தர்மசாலாவின் திபெத்திய உரிமை அமைப்புகளுக்கு வெளிநாட்டு அரசுப் பணம் எப்படி வருகிறது?

கேள்வி – வழிப்போக்கன்

நண்பர்களே, நாடுகடந்த திபெத்திய நிர்வாகம் இருக்கும் இமாசலப் பிரதேச ஊரான தர்மசாலாவில் இயங்கும் திபெத்திய மனித உரிமை, ஜனநாயக அமைப்புகளுக்கு அமெரிக்க அரசு பணம் தருகிறது என்கிறார்கள். "அத்தனையும் சிஐஏ காசு" என்று சொல்பவர்களும் உண்டு. உண்மையில் பணம் எந்த வழியாக வருகிறது? இந்தியச் சட்டத்தில் எங்கே சிக்குகிறது? யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வெளியாள் ஒருவர் சரிபார்க்க முடியுமா? 2025-ல் எல்லாம் நின்றுபோனதாகச் சொல்வது சரியா?

பதில் 1 – பழைய கோப்பு

சிஐஏ பணம் வந்தது உண்மை, ஆனால் அது வேறு காலம். வெளியிடப்பட்ட அமெரிக்க ஆவணங்களில் 1964-க்கான கணக்கே இருக்கிறது: மொத்தம் 17,35,000 டாலர். அதில் நேபாளத்திலிருந்த 2,100 திபெத்திய கெரில்லாக்களுக்கு 5,00,000, தலாய் லாமாவுக்கான மானியம் 1,80,000. 1960-களில் ஆண்டுக்கு 17 லட்சம் டாலர் பெற்றதை 1998-ல் தலாய் லாமாவின் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. வாஷிங்டன் பீஜிங்கோடு கைகுலுக்கிய 1970-களின் தொடக்கத்தில் அந்த வாய்க்கால் அடைபட்டது.

இன்று பேசப்படுவது 1983-ல் தொடங்கிய நேஷனல் எண்டோமென்ட் ஃபார் டெமாக்ரசி, சுருக்கமாக என்இடி. பதிவின்படி தனியார் அறக்கட்டளை. பணமோ அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கி வெளியுறவுத்துறை வழியாக வருவது. மானியம் சராசரியாக 50,000 டாலர் அளவில், 12 மாதத்துக்கு. விண்ணப்பங்களை இயக்குநர் குழு ஆண்டுக்கு நான்கு முறை பரிசீலிக்கும், தனிநபருக்குத் தருவதில்லை. 1996-ல் உருவான திபெத்திய மனித உரிமை மற்றும் ஜனநாயக மையம், முன்னாள் அரசியல் கைதிகளின் கு-சு-சும் போன்றவை இதில் பயன்பெற்றவை. சிஐஏ முன்பு மறைவாகச் செய்ததைத்தான் இப்போது வெளிப்படையாகச் செய்கிறோம் என்று என்இடியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆலன் வைன்ஸ்டீன் 1991-ல் சொன்னதை எதிர்ப்பாளர்கள் விடாமல் எடுத்துக்காட்டுவார்கள். மறைவாகத் தந்ததையும் பட்டியலிட்டுத் தருவதையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை. அதே நேரம், இது அமெரிக்க வெளியுறவுக் கொள்கையின் பணம் என்பதை மூடி மறைப்பதும் நேர்மையல்ல.

அமெரிக்கா மட்டுமல்ல. ஜெர்மானிய அரசுப் பணத்தில் இயங்கும் ஃபிரீட்ரிக் நவ்மன் அறக்கட்டளையும் நாடுகடந்த திபெத்தியரின் ஜனநாயகப் பயிற்சிக்கு நீண்டகாலம் துணைநின்றது. 1996-ல் பான் நகரில் திபெத் மாநாட்டை நடத்த அது முன்வந்ததால், பீஜிங்கிலிருந்த அதன் அலுவலகத்தைச் சீனா மூடவைத்தது.

பதில் 2 – கணக்குப்பிள்ளை

இந்தியப் பக்கத்தில் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010. பதிவு வேண்டுமானால் அமைப்புக்கு 3 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் தன் முக்கியப் பணிகளுக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். விண்ணப்பம் எஃப்சி-3ஏ. புதிய அமைப்பு என்றால் எஃப்சி-3பி வழியே முன் அனுமதி: ஒரு குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை. கொடையாளரின் உறுதிக்கடிதம் கட்டாயம். ஏப்ரல் 2025 முதல், அனுமதித்த பணத்தைப் பெற 3 ஆண்டு, செலவழிக்க 4 ஆண்டு.

2020 திருத்தம்தான் பலரின் கழுத்தைப் பிடித்தது. வெளிநாட்டுப் பணம் முதலில் எஸ்பிஐயின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான் இறங்க வேண்டும். அங்கிருந்து உள்ளூர்ச் செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். கொடையாளர் பழக்கதோஷத்தில் தர்மசாலாக் கிளைக்கு நேராக அனுப்பிவிட்டால் அது விதிமீறல். இதைவிட வலிப்பது பிரிவு 7. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. ஒரு பெரிய அமைப்பு மானியம் வாங்கி, திபெத்தியக் குடியிருப்புகளிலுள்ள சிறிய மகளிர், இளைஞர் குழுக்களுக்குப் பிரித்துத் தருவது அதோடு முடிந்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்தத் திருத்தங்களைச் செல்லும் என்றது.

நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. இங்கே பலர் தேவையில்லாமல் தடுமாறுகிறார்கள். ஆய்வையோ பயிற்சியையோ முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பில், களத் தகவல் திரட்டி ஆராய்பவர்களின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது என்று எஃப்சிஆர்ஏ விதிகளின் விதி 5 சொல்கிறது. உரிமை மீறல்களை ஆவணப்படுத்துவது இந்த வகைக்குள் வரலாம். பட்ஜெட்டில் "ஊழியர் சம்பளம்" என்று ஒரே வரியாகப் போட்டால் அந்தச் சலுகை போச்சு. பணி விவரத்தோடு தனித்தனி வரி போடுங்கள்.

இன்னொன்று: இங்குள்ள திபெத்தியர் பெரும்பாலோர் சட்டப்படி வெளிநாட்டவர், பதிவுச் சான்றிதழில் வாழ்பவர்கள். வெளிநாட்டவர் நிர்வாகக் குழுவில் இருப்பதை உள்துறை பொதுவாக ஏற்பதில்லை. இந்தியாவில் 5 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து பணியாற்றுவது போன்ற காரணங்களுக்கு விலக்கு கேட்கலாம். அதற்கான தாள்களை விண்ணப்பத்துடனேயே இணையுங்கள், கேட்டபின் தேடாதீர்கள்.

ரசீது விஷயத்தில் மன்றாடிக் கேட்கிறேன். உரிமை மீறல் பற்றிச் சாட்சி சொன்னவரின் பெயரைப் பயணப்படி ரசீதில் எழுதாதீர்கள். அந்தத் தாள் தணிக்கையாளர், கொடையாளர் என்று பல கைகளுக்குப் போகும், அவருடைய குடும்பமோ திபெத்தில், லாசாவில் இருக்கும். பேட்டி எடுத்த ஊழியர் தன் பெயரில் செலவைக் கோரி, கோப்பு எண்ணை மட்டும் குறிப்பது பாதுகாப்பு. இதைத் தணிக்கையாளரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள்.

வழிப்போக்கன்

நன்றி ஐயா. திபெத்திய மொழி இதழ்கள், வானொலி? அவற்றுக்கும் இதே வழிதானா?

கணக்குப்பிள்ளை

இல்லை. பதிவுபெற்ற செய்தித்தாளின் ஆசிரியர், வெளியீட்டாளர், மின்னணு வழியில் செய்தி ஒலிபரப்பும் நிறுவனம் எல்லாம் பிரிவு 3-ன்படி வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது. வாய்ஸ் ஆஃப் திபெத் என்ற திபெத்திய மொழி வானொலி நார்வேயில் பதிவான அறக்கட்டளை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். உரிமை அமைப்பு தன் செய்திமடலை நாளிதழ் போல ஆக்கிக்கொள்வதும் ஆபத்து.

பதில் 3 – ஏரிக்கரை

சரிபார்ப்பது பற்றி. என்இடிக்கு அரசு தந்த தொகை அமெரிக்க அரசின் செலவுக் கணக்கைக் காட்டும் யுஎஸ்ஏஸ்பெண்டிங் தளத்தில் கிடைக்கும். அமெரிக்க அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் 990 படிவத்தில் எஃப் அட்டவணையைப் பாருங்கள். வெளிநாட்டில் பெறுபவரின் பெயர் அதில் இருக்காது. பகுதி, நோக்கம், தொகை மட்டுமே. அதனால் இந்திய அமைப்பின் எஃப்சி-4 ஆண்டறிக்கையோடு ஒப்பிட வேண்டும். அது நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள், டிசம்பர் 31-க்குள் தாக்கலாக வேண்டியது. அமெரிக்க நிதியாண்டு அக்டோபரில் தொடங்குகிறது, நம்முடையது ஏப்ரலில். தொகை பொருந்தவில்லை என்றதும் முறைகேடு என்று எழுதிவிடாதீர்கள்.

2020-ன் திபெத் கொள்கை மற்றும் ஆதரவுச் சட்டத்தையும் என்இடியையும் குழப்புகிறார்கள். அந்தச் சட்டம் 2021 முதல் 2025 வரை ஆண்டுக்கு இந்தியா, நேபாளத்திலுள்ள திபெத்தியருக்கு 60 லட்சம் டாலர், திபெத்துக்குள் வாழும் சமூகங்களுக்காக 80 லட்சம், திபெத்திய நிறுவனங்களின் ஆட்சித்திறனுக்கு 30 லட்சம் என அனுமதித்தது. அது உச்சவரம்பு அனுமதிதான். ஒவ்வோர் ஆண்டும் தனியே ஒதுக்கினால்தான் பணம் நகரும்.

2025-ல் முழுவதும் நிற்கவில்லை. ஜனவரி 20 உத்தரவு வெளிநாட்டு உதவியை 90 நாள் முடக்கியது. என்இடிக்கும் பணம் தடைப்பட்டு, மார்ச்சில் அது வழக்குத் தொடுத்தது. தெற்காசியத் திபெத்தியருக்கான 68 லட்சம் டாலர் மீண்டும் கிடைத்ததாக நாடுகடந்த திபெத்திய நிர்வாகத்தின் தலைவர் (சிக்யோங்) பென்பா செரிங் ஜூலையில் அறிவித்தார். அமெரிக்க அரசுப் பணத்தில் இயங்கிய ரேடியோ ஃப்ரீ ஏசியா அக்டோபர் இறுதியில் செய்திப் பணியையே நிறுத்தியது. சிறிய அமைப்புகளுக்கு அடி பலமாக விழுந்ததற்குக் காரணம், மானியம் தவணையாக வருவது. முந்தைய தவணைக்குக் கணக்குக் காட்டிய பிறகே அடுத்தது வரும், கையிருப்பு இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது. ஒரே கொடையாளரை நம்பும் அமைப்புகள் குறைந்தது ஆறு மாதச் சம்பளத்தையாவது இந்திய ரூபாய் நன்கொடையாகத் திரட்டி, எஃப்சிஆர்ஏ கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற திபெத்திய உறவினர் தரும் பணம் அதில் சேராது. சட்டத்தின் கண்ணில் அதுவும் வெளிநாட்டு நன்கொடைதான்.