பும்புவாங் துவாங்சானின் பாட்டும் அவருக்கு வைக்கப்படும் உதட்டுச்சாயமும்

தாய்லாந்தின் நாட்டுப்புற மெல்லிசையான 'லூக் துங்'கின் அரசி என்று போற்றப்படும் பும்புவாங் துவாங்சானின் 'நக் ரோங் பான் நோக்' (நாட்டுப்புறப் பாடகி) பாடலை, பாங்காக்கில் என்னுடன் பணிபுரியும், சுபன்புரி மாகாணத்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் வழியாகத்தான் முதலில் அறிந்தேன். அந்தி வேளையில் பறவைகள் கூடு திரும்புவதில் தொடங்கும் அப்பாடல், பெரிய பாடகியாக வேண்டும் என்ற கனவோடு ஊரை விட்டு வந்த பெண்ணின் ஏக்கத்தைச் சொல்கிறது. பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்த எத்தனையோ பெண்கள் அதைத் தங்கள் கதையாகவே பாடுகிறார்கள். பும்புவாங்கும் அப்படி வந்தவர்தாம். 1961இல் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப்படிப்பை மிகச் சிறு வயதிலேயே விட்டு, எழுதப் படிக்கத் தெரியாததால் பிறர் படித்துக்காட்டக் கேட்டே பாடல் வரிகளை மனத்தில் ஏற்றிக்கொண்டவர்.

அந்தப் பெண்மணியே என்னைச் சுபன்புரியின் சோங் பீ நோங் வட்டாரத்திலுள்ள தாப் கிரதான் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். 1992இல் பும்புவாங்கின் உடல் தகனம் செய்யப்பட்ட இடம் அது. அவருடைய சிலைகளுக்கு மேடையில் அணியும் பளபளப்பான உடைகளை உடுத்தி, எதிரே முகப்பூச்சும் கண்ணாடியும் வாசனைத் திரவியமும் அடுக்கியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஒருவர், தாம் கொண்டுவந்த உதட்டுச்சாயத்தின் மூடியைக் கழற்றி, பூசிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்பதுபோல் சிலையின் பக்கம் திருப்பி வைத்தார். மாதந்தோறும் 1, 16 ஆகிய தேதிகளில் நடைபெறும் அரசு லாட்டரிக் குலுக்கலில் வெல்லும் எண்ணை அவர் காட்டுவார் என நம்பி வருபவர்களும் அங்கு உண்டு. சிலர் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கக்கூடும். தங்களைப் போலவே வறுமையில் வளர்ந்தவர் தங்கள் கஷ்டத்தைப் புரிந்துகொள்வார் என்ற உரிமையைத்தான் நான் அங்கே கண்டேன்.

*

ஐயா, உங்கள் பகிர்வைப் படித்தபின் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றுகிறது. பாங்காக்கில் எனக்கு லூபஸ் நோய் (உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கும் நோய்) உறுதியானபோது, செவிலியர் அதைப் 'பும்புவாங் நோய்' என்று சொல்லியே விளக்கினார். பும்புவாங் 30 வயதில் இறந்தது இந்நோயால்தான் என்பதால் தாய்லாந்தில் அப்பெயர் நிலைத்துவிட்டதாம். நான் கலங்கியதைக் கண்டு, இன்றைய சிகிச்சை அக்காலத்தைவிட வெகுவாக முன்னேறியிருக்கிறது என்று தேற்றிவிட்டு, அவருடைய பாடல்களையும் கேளுங்கள் என்றார். இளவரசி சிரிந்தோர்ன் இயற்றி, பும்புவாங்கும் பாடிய 'சோம் தாம்' பாடலைத்தான் முதலில் கேட்டேன். பச்சைப் பப்பாளிக் கலவை செய்யும் முறையை அவ்வளவு உற்சாகத்தோடு அதில் பாடுகிறார். இப்போது என் மகளும் அதைப் பாடிக்கொண்டேதான் பப்பாளி சீவுகிறாள்.