மறு: ‘ஆஃப் த ரெக்கார்டு’ – பதிவா, குறிப்பா, எழுத்தா?

குழுவினருக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கருப்பூரில் இதழியல் படிக்கும் தங்கை கேட்டது, ‘வெளியிடக்கூடாது’ என்ற நிபந்தனையில் நிருபரிடம் சொல்லும் ‘ஆஃப் த ரெக்கார்டு’ பேச்சுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல். பரிந்துரைகள் வரிசைகட்டி வந்துவிட்டன. சேலத்து நிருபர் ஒருவர் வாயில் அவை நுழையுமா என்று யாரும் சொல்லிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. இந்த ஊரில் இருபத்திரண்டு வருடம் நிருபராக அலைந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> ‘பதிவுக்கு அப்பால்’, ‘பதிவுக்கு வெளியே’ – இரண்டில் ஒன்றை ஏற்கலாம்.

பதிவு என்றதும் நம் ஊர்க்காரருக்கு நினைவு வருவது பத்திரப் பதிவு. ‘அதிகாரி பதிவுக்கு வெளியே பேசினார்’ என்று எழுதினால், சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஸ்டாம்பு வெண்டர் மேசைப் பக்கம் நின்று பேசினார் என்றுதான் படிப்பார்கள். இளையவர்களுக்குப் பதிவு என்றால் முகநூல். வேண்டாம்.

> ‘ரகசியத் தகவல்’ என்றாலே போதுமே?

போதாது. ரகசியம் என்பது விஷயத்தின் குணம். நாம் தேடுவது இரண்டு பேர் பேசி வைத்துக்கொள்ளும் ஒரு நிபந்தனையின் பெயர். டீக்கடையில் எல்லோரும் பேசுகிற சங்கதியைக்கூட ஒரு தாசில்தார் அந்த நிபந்தனையில் சொல்லலாம். ஊருக்குத் தெரிந்திருப்பதும் தாசில்தார் வாயால் உறுதியாவதும் ஒன்றா?

ஆத்தூர் ஆசிரியர் ஐயா சொன்ன ‘குறிப்பிலேறாப் பேச்சு’ எனக்கு முதலில் பிடித்தது. சட்டமன்றத்தில் ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது’ என்று நாம் தினம் படிக்கிறோம். ரெக்கார்டுக்கு நம்மிடம் புழங்குகிற சொல் ‘குறிப்பு’ என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே உறுப்பினர் பேசி முடித்த பிறகு பேரவைத் தலைவர் நீக்குகிறார். நம் தொழிலில் அந்த வேலை ஆகாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைக்கும்போது ‘சார், இதெல்லாம் ஆஃப் ரெக்கார்டு’ என்று சொல்லும் அதிகாரிகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! சொல்லும் முன்பே கேட்டு, எதிரில் இருப்பவர் சரி என்று சொன்னால்தான் நிபந்தனை. பின்னால் கேட்பது வேண்டுகோள். அதை ஏற்பதும் மறுப்பதும் செய்தியாளர் விருப்பம். ‘குறிப்பிலேறா’ என்று வைத்தால், பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் கூடவே ஏறிக்கொள்ளும்.

மக்கள் தொடர்பில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் எழுதியது:

> செய்தியாளர் நோட்டை மூடிவிட்டால் அதுவே ஆஃப் த ரெக்கார்டுதான். காலங்காலமாக அப்படித்தான்.

அண்ணே, நீங்கள் பழகிய காலத்து மரியாதை அது. நோட்டை மூடியவர் சட்டைப் பையில் இப்போது போன் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்றையும் உங்கள் தரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். வாயை அடைப்பதற்கென்றே ஒன்றைச் சொல்லிவைக்கும் வித்தை உண்டு. நாளை நான் வேறு வழியில் கண்டுபிடித்துவிடுவேன் என்று தெரிந்தால், இன்றே கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, அதையே ‘எழுதாதீங்க’ என்று சொல்லிவிடுவது. அதனால் நான் எப்போதும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்வேன்: ‘வேறு இடத்தில் கிடைத்தால் எழுதுவேன், பரவாயில்லையா?’ பாதிப்பேர் அத்தோடு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். கலெக்டர் ஆபீசிலும் மேட்டூரிலும் மலையிலும் ஆட்கள் நிஜமாக என்ன சொல்கிறார்கள்? என் காதில் விழுந்தவை மூன்று. ‘இதை எழுதிராதீங்க.’ ‘எம்பேரு வராம பாத்துக்கங்க.’ ‘நம்ம ஆபீஸ்ல இருந்து போச்சுன்னே தெரியக்கூடாது.’ கேட்க ஒரே மாதிரி இருக்கும். மூன்றும் வேறு வேறு வாக்குறுதி. ஆங்கிலத்தில் இவற்றுக்கு மூன்று பெயர் உண்டு. நாம் மூன்றையும் ஆஃப் ரெக்கார்டு என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 12 அன்று டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பது மரபு. நீர்மட்டம் போதாத வருடங்களில் தேதி தள்ளிப்போகும். தள்ளுமா தள்ளாதா என்பது அணையில் நிற்கும் பொறியாளருக்கு முன்கூட்டியே ஓரளவு தெரியும்; அறிவிக்கும் உரிமை அரசுக்கு. அவர் ‘எம்பேரு வேண்டாம்’ என்கிறார். விஷயத்தை எழுதலாம், பெயரை மட்டும் விட வேண்டும். உடனே நாம் ‘விவரமறிந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்று எழுதுவோம். இத்தனை வருடத்தில் ஒரு வட்டாரம் வாய்திறந்து பேசி நான் பார்த்ததில்லை. ‘பெயர் வெளியிட விரும்பாத பொறியாளர் ஒருவர்’ என்றால் யார் பேசியது என்ற நிறமாவது வாசகருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ‘பேக்கிரவுண்ட்’ எனப்படும் இந்த இரண்டாம் வகையைப் ‘பின்னணித் தகவல்’ என்று பெயர்ப்பதையும் நான் எதிர்க்கிறேன். தமிழில் பின்னணி என்றால் சம்பவத்தின் முன்கதை; ‘கொலையின் பின்னணி என்ன?’ என்றுதான் தலைப்பு வைக்கிறோம்.

மூன்றாவது வகைக்கு உலகம் அறிந்த உதாரணம், அமெரிக்க அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் விவகாரம். 1972-ல் வாஷிங்டன் போஸ்ட் நிருபருக்கு வழிகாட்டிய மார்க் ஃபெல்ட், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் இரண்டாம் நிலையில் இருந்தவர். 2005-ல் அவர் தரப்பே வெளியே சொல்லும்வரை, முப்பத்துமூன்று வருடம் நிருபர்கள் வாய்திறக்கவில்லை.

இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்லாமல் நான் பரிந்துரைக்கும் சொல்லுக்குக் காரணம் விளங்காது.

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம். மார்கழிப் பனியில் ஒரு எஸ்டேட் வாசலுக்குப் போயிருந்தேன். எந்த எஸ்டேட் என்பது வேண்டாம். பறித்த பழத்தை எடை போடும்போது சாக்குக்கென்று கூடுதலாகக் கழிக்கிறார்கள் என்று ஒரு புகார். ஒரு அம்மா அடுப்படியில் உட்காரவைத்துக் கடுங்காப்பி கொடுத்தார். ஒவ்வொரு கணக்காக விரல்விட்டுச் சொன்னார். விரல் நுனியெல்லாம் சணல் அறுத்த கோடு. நான் எழுத எழுத நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் ‘நாஞ் சொன்னேன்னு தெரிஞ்சா அவ்வளவுதான் சாமி’ என்றார். ‘பேரே போடமாட்டேன்’ என்றேன். போடவும் இல்லை. ‘எடை போடும் இடத்தில் சாக்கு தைக்கும் பெண் தொழிலாளி ஒருவர் கூறுகையில்’ என்று எழுதினேன். செய்தி நன்றாக வந்திருக்கிறது என்று ஆபீசில் பாராட்டினார்கள்.

அந்த இடத்தில் சாக்கு தைத்தது அவர் ஒருவர்தான்.

அடுத்த வாரம் அவருக்கு வேலை இல்லை. கேள்விப்பட்டு மறுபடி பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. அதே அடுப்படி, அதே கடுங்காப்பி. ‘எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு பையன் படிச்சுச் சொன்னான்’ என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அதிகாரிக்கு ஆஃப் ரெக்கார்டு என்று சொல்லத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. சொல்லத் தெரிந்தவருக்கே பாதுகாப்பு என்றால் அது பெரிய மனிதர்களுக்கான ஏற்பாடு. சொல்லத் தெரியாதவரிடம் நிருபர்தான் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும்: எதை எழுதுவேன், எதை விடுவேன், எந்த அடையாளம் வெளியே தெரியும் என்று. ஆகவே நாம் ஆக்கும் சொல் அந்த அடுப்படியில் விளக்கம் இல்லாமல் புரிய வேண்டும். அகராதிக்குள் மட்டும் மினுக்குகிற சொல் எனக்கு வேண்டாம்.

அவர்கள் வாயில் வருவதிலிருந்தே எடுப்போம். அலுவலகத்தில் நாம் செய்தியைப் ‘போடு’ என்கிறோம்; அதன்படி ‘போடாப் பேச்சு’. சொல்லிப் பாருங்கள், யாரையோ ‘போடா’ என்று விரட்டுகிற மாதிரி இருக்கிறது. ‘வெளிவிடா’ என்பதைச் சுருக்கினால் ‘விடாப் பேச்சு’. அது எங்கள் பெரியப்பாவின் பேச்சு. எனவே என் பரிந்துரை:

எழுதாப்பேச்சு – எதையும் வெளியிடக்கூடாது.
பேர்மறைப்பேச்சு – விஷயம் வரலாம், பேர் வரக்கூடாது.
தடமறைப்பேச்சு – பேர், அலுவலகம், தொழில், சாக்கு தைப்பது உட்பட எந்தத் தடமும் வரக்கூடாது.

‘ஆறு மணிக்கு மேல் போட்டுக்கங்க’ என்கிற எம்பார்கோவுக்குத் தனி இழை திறக்கலாம். இங்கே குழப்ப வேண்டாம். ஒழுங்காகச் சொன்னால், அந்த ஏற்காட்டு அம்மா கேட்டது நான் தந்ததைவிடப் பெரிது. மூன்றாவதைக் கேட்டவருக்கு இரண்டாவதைக் கொடுத்தேன். அன்று எனக்கு இரண்டுக்கும் தனித்தனிப் பேர் இருந்திருந்தால் யோசித்திருப்பேனோ என்னவோ.

ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். 1966-ல் முதலில் அமைந்து, இன்று 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகளில் ஒரு சுவையான இடம் இருக்கிறது. நம்பிச் சொன்னதை வெளியிடக்கூடாது என்பது நெறி. அதற்கு விலக்கு இரண்டு: சொன்னவரே பின்னால் சம்மதிப்பது, அல்லது, பொதுநலன் கருதி வெளியிடுவதாக ஆசிரியர் அடிக்குறிப்பு போடுவது. அந்த அடிக்குறிப்பைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்: ‘எழுதாப்பேச்சாகக் கிடைத்த இத்தகவல் பொதுநலன் கருதி வெளியிடப்படுகிறது – ஆசிரியர்.’ பல்லில் இடறவில்லை. ‘பதிவுக்கு அப்பாற்பட்டதாகக் கிடைத்த’ என்று எழுதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

தங்கைக்கு ஒரு எச்சரிக்கை. அந்த 1978 சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தகவல் தந்தவர் யார் என்று சொல்லும்படி மன்றம் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. அது மன்றத்தின் முன்னால் மட்டும். நீதிமன்றத்தில் அப்படியொரு கவசம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1983-ல் தன் 93-ஆம் அறிக்கையில் சொன்னது. சாட்சியச் சட்டமே மாறி 2023-ல் புதிது வந்துவிட்டது. அந்தப் பிரிவு மட்டும் வரவில்லை. ‘யார் கேட்டாலும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கும் முன் அது உங்கள் தலையில்தான் விடியும் என்று தெரிந்து கொடுங்கள்.

– பழைய நிருபர், அஸ்தம்பட்டி

———

அனுப்புநர்: ஆத்தூர் ஆசிரியர்

தம்பிக்கு, ‘குறிப்பிலேறா’வை நானே திரும்பப் பெறுகிறேன். பின்னால் நீக்குவது பற்றி நான் யோசிக்கவில்லை. எழுதாப்பேச்சு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வலி மிகுந்தது சரி. ‘பேர்’ கொச்சை என்று யாராவது கிளம்புவார்கள். கம்பன் காலத்திலேயே வந்த சொல் என்று சொல்லி உட்காரவையுங்கள்.

‘மறை’க்கு வள்ளுவரே துணை இருக்கிறார். ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறள்: ‘சிறப்பறிய ஒற்றின்கண் செய்யற்க செய்யின் புறப்படுத்தான் ஆகும் மறை.’ நாலுபேர் அறிய ஒற்றனுக்குச் சிறப்புச் செய்தால், மறைத்ததை நீயே வெளியே போட்டவன் ஆவாய். உங்கள் சாக்குத் தையல் அம்மாவுக்கு நடந்தது ஏறக்குறைய அதுதான்.

ஒரே ஐயம். தொலைக்காட்சிக்காரரும் யூடியூப்காரரும் எதை எழுதுகிறார்கள்? கேமராவைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் ‘எழுதா’ என்றால் பொருந்துமா?

———

அனுப்புநர்: பழைய நிருபர், அஸ்தம்பட்டி

ஐயா, செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கும் என் மைத்துனர் கம்ப்யூட்டரில்தான் கணக்குப் பார்க்கிறார். இன்னமும் ‘என் பேர்ல எழுதிக்க’ என்றுதான் சொல்கிறார். பற்று எழுதுவது, சொத்தை மகள் பேருக்கு எழுதிவைப்பது என்று நம்மிடம் எழுது என்றால் கணக்கில் ஏற்றுவது. ரெக்கார்டின் உள்பொருள் அதுதானே? கேமராவுக்கும் தாங்கும் என்று நினைக்கிறேன். ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தபோது 1916-ல் அறிவியல் சொற்களுக்காகச் சங்கம் வைத்து வேதியியலுக்கும் வானியலுக்கும் தமிழ் தேடினாரே, அந்த ஊர்க்காரர்கள் நாம்; ஒரு சொல்லைக் கொஞ்சம் அகட்டிக்கொள்ள உரிமை உண்டு.

———

அனுப்புநர்: இதழியல் மாணவி, கருப்பூர்

ஐயா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆய்வேட்டுக்காக மலைக்குப் போயிருந்தேன். மிளகுத் தோட்டத்தில் ஒரு பாட்டி கூலி பற்றிப் பேசத் தயங்கினார். விளக்கம் எதுவும் சொல்லாமல், ‘இது எழுதாப்பேச்சு பாட்டி’ என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். ‘அப்புறம் என்னத்துக்குக் கண்ணு பேனாவைத் தொறந்து வெச்சிருக்கே? மூடி உள்ள வையி. அந்தப் போனையும் கவுத்து வையி’ என்றார்.

மூடி வைத்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினார்.