மறு: "செயல் வரைபடம்" பொருந்துமா?

> கால்நடைகளின் மரபுத்தொகுதியில் (முழு டி.என்.ஏ.யில்) எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று கண்டறிந்து குறிக்கும் பணியை (functional annotation) "செயல் வரைபடம்" எனலாமா?

வணக்கம் அண்ணா,

வரைபடம் வேண்டாம். பரம்பரையலகு (ஜீன்) எந்த நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) எங்கே கிடக்கிறது என்று காட்டுவதற்கு அந்தச் சொல் எப்போதோ போய்விட்டது. இது வேறு வேலை. மாட்டின் மரபுத்தொகுதியை 2009இல் வெளியிட்டபோதே ஏறத்தாழ 22,000 பரம்பரையலகுகள் என்று கணக்குச் சொல்லிவிட்டார்கள். புரதத்துக்கான பகுதியோ நூற்றுக்கு ஓரிரண்டு பங்குதான். மிச்சத்தில் எது பரம்பரையலகை இயக்கி நிறுத்தும் ஆளி (சுவிட்ச்), எது சும்மா கிடக்கிறது? 2015இல் ஃபாங் (FAANG) என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு கையில் எடுத்தது இதைத்தான்.

கேசின் என்ற பால் புரதத்துக்கான பரம்பரையலகு மடிக் கலத்திலும் உண்டு, ஈரல் கலத்திலும் உண்டு. ஈரலில் பால் சுரப்பதில்லை. ஆகவே இழையம் இழையமாக எடுத்து, என்ன ஆர்.என்.ஏ. உருவாகிறது, டி.என்.ஏ. எங்கே தளர்ந்து திறந்திருக்கிறது, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் என்ன அடையாளம் ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். மூன்றாம் ஹிஸ்டோனின் 27ஆம் இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தில் அசற்றைல் என்ற சிறு இரசாயனக் கூட்டம் ஏறியிருந்தால் அந்த ஆளி இயங்குகிறது. மூன்று மெதைல் கூட்டங்கள் ஏறியிருந்தால் அடங்கிக் கிடக்கிறது. அதே லைசின்தான், பாருங்கோ!

"உரை" என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அழகுதான், ஆனால் கணினிக்காரருக்கு உரைக்கோப்பு என்றால் வேறு பொருள். "குறிசுடல்" என்றது பகிடியாக இருக்கும். மாதவனை மேய்ச்சல்தரைப் பட்டிக்காரர் மாட்டுக்கு ஒருமுறை குறி சுட்டால் ஆயுளுக்கும் அதுதான். இங்கே ஈரலில் ஒரு குறி, மடியில் இன்னொன்று.

என் முன்மொழிவு: தொழிற்பாட்டுக் குறிப்பேற்றம். குறிப்பேற்றிய பகுதி, குறிப்பேற்றாத பகுதி என்று வினையாகவும் வளையும்.

"கால்நடை"யையும் மாற்றுங்கோ. ஃபாங்கில் கோழியும் இருக்கிறது. "வளர்ப்பு விலங்கு" என்றால் நாய், பூனை எல்லாம் உள்ளே வந்துவிடும். பண்ணை விலங்கு போதும், எங்கட எருமைகள் பண்ணையைக் கண்ணால் காணாவிட்டாலும்.

வந்தாறுமூலையிலிருந்து

---

தங்கச்சி,

குறிப்பேற்றம் எனக்குச் சம்மதம். "தொழில்" என்றதும் தமிழ்நாட்டு வாசகர் வியாபாரத்தை நினைப்பார்கள் என்பதுதான் யோசனை. ஆனாலும் "ஈரலின் தொழிற்பாடு" என்று பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு நாம் ஏன் "செயல்பாடு" கொடுக்க வேண்டும்? இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிட்டேன், பக்கத்தில் "செயல்பாட்டுக் குறிப்பேற்றம்" என்றும் போட்டிருக்கிறேன்.

"ஆளி" பொதுப்பெயராக நிற்கட்டும். பரம்பரையலகின் வாசலில் இருப்பதற்கும், தொலைவில் இருந்து அதைத் தூண்டுவதற்கும் தனித்தனிச் சொல் வேண்டும். முதலாவதற்குத் "தொடக்கி" வைக்கிறேன். இரண்டாவதற்கு "ஊக்கி" வைத்தால் இரசாயன ஆசிரியர்கள் விடமாட்டார்கள், அவர்களுக்கு அது தாக்கத்தை விரைவாக்கும் பொருள் (catalyst). வேறு இருந்தால் எழுதவும்.

அக்கரைப்பற்றிலிருந்து