ஒவ்வாமை வேறு, கூடாக்கலப்பு வேறு

நண்பர்களுக்கு வணக்கம்.

செஃப்ட்ரியாக்சோன் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசிமருந்தின் குறிப்பு ஒன்றை மெய்ப்புப் பார்க்கும்போது இந்த வரியில் பேனா நின்றுவிட்டது: ‘இம்மருந்துக்கும் கால்சியத்துக்கும் ஒவ்வாமை உண்டு.’ அடுத்த பத்தியிலேயே பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை வருகிறது. அங்கே அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல். இங்கே நடப்பதோ வேதிவினை. குப்பியிலுள்ள தூளை, சிரையில் ஏற்றும் உப்புக் கரைசலான ரிங்கர் லாக்டேட்டில் கரைத்தால், அதிலுள்ள கால்சியத்தோடு மருந்து சேர்ந்து வீழ்படிவாகலாம், அதாவது கரையாத துகளாகப் படியலாம். நோயாளியின் உடல் இன்னும் கதைக்குள் வரவே இல்லை. ஆங்கிலத்தில் இதை incompatibility என்பார்கள்; இதற்கு ‘ஒவ்வாமை’ அல்லாத தமிழ்ச்சொல் வேண்டும். நண்பர்கள் முன்வைத்த சொற்களையும் அவற்றுக்கு என் பதிலையும் கீழே தருகிறேன்.

> ‘சேராமை’ எல்லாருக்கும் புரியுமே?

புரியும், தவறாக. ‘எனக்குக் கத்தரிக்காய் சேராது’ என்று சொறிந்துகொண்டே சொல்கிறவர்கள் நாம்.

> ‘கலவாமை’?

எண்ணெயும் நீரும் கலவாதவை. இவை கலந்துவிடுவதுதான் தொல்லை.

> ‘குழாய்ப் பொருந்தாமை’?

இதை நானே சில நாள் ஆதரித்தேன். இப்போது அஞ்சுகிறேன். ‘வேறு குழாயில் ஏற்றினால் சரி’ என்று செவிலியர் நினைத்துவிடக்கூடும். இறந்த பச்சிளங்குழந்தைகள் சிலரின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இந்தப் படிவுகள் காணப்பட்டிருக்கின்றன. வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு குழாயில் கொடுத்தும் ஒரு குழந்தை இறந்ததாகப் பதிவு உண்டு. அதனால்தான் பிறந்து 28 நாள்வரை, சிரைவழிக் கால்சியம் தேவைப்படும் குழந்தைக்கு இம்மருந்தே கூடாது என்கிறார்கள். அந்த வயதைக் கடந்தவர்களுக்கு, இடையில் குழாயை நன்றாக அலசிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம்.

ஆகவே என் பரிந்துரை ‘கூடாக்கலப்பு’. கூடாநட்பு, கூடாவொழுக்கம் நமக்குப் பழகிய அமைப்பு; ‘ஓடாக் குதிரை’ போல ஒற்று மிகும். கலப்பு புட்டியில் நேர்ந்தாலும் குருதியில் நேர்ந்தாலும் சொல் பொருந்தும். கூடாது என்ற தடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. வைத்துப் பாருங்கள்: ‘செஃப்ட்ரியாக்சோனும் கால்சியக் கரைசலும் கூடாக்கலப்பு.’

இன்னொன்று. இம்மருந்தும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் இதே உப்பு பித்தப்பையில் படிந்து, ஸ்கேனில் கல்போலத் தெரிவதுண்டு. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். இதைப் ‘பொய்க்கல்’ எனலாமா? அச்சில் ஒரு துணைக்கால் கூடிவிட்டால் குதிரையாட்டம் ஆகிவிடும் என்பதுதான் கவலை. ‘போலிக்கல்’ என்றால் நகைக்கடை நினைவுக்கு வருகிறது. யாரேனும் வேறு சொல் வைத்திருக்கிறீர்களா?